ஈராக் போரும் மாறிய காரணங்களும்

அமெரிக்காவும் பிரித்தானியாவும் தலைமையேற்ற கூட்டணிப் படைகள் 2003 மார்ச் 20 அன்று ஈராக் மீது போர் தொடுத்தன. ஏப்ரல் 9 அன்று பாக்தாத் வீழ்ந்தது. சதாம் உசேனின் ஆட்சி முடிவுக்கு வந்தது. ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்பதே போருக்கு முன் கூறப்பட்ட முதன்மைக் காரணம். அவை கிடைக்காதபோது வேறு காரணங்கள் முன்வைக்கப்பட்டன. ஓர் அரசு போருக்கு ஒப்புதல் கேட்கும்போது மக்களிடம் எவ்வளவு நேர்மையாக இருக்க வேண்டும் என்ற கேள்வியை இப்போர் எழுப்பியது.

போருக்கு முன் கூறப்பட்டவை

அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் அரசு மூன்று குற்றச்சாட்டுகளை வலியுறுத்தியது. ஈராக் வேதியியல், உயிரியல் ஆயுதங்களை வைத்துள்ளது. அணு ஆயுதத் திட்டத்தை மீண்டும் தொடங்கியுள்ளது. அல் காயிதாவுடன் தொடர்பு கொண்டுள்ளது என்பன அவை. 2002 அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் படைபலத்தைப் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது. பிரதிநிதிகள் அவையில் 296 பேர் ஆதரவாகவும் 133 பேர் எதிராகவும் வாக்களித்தனர். செனட் அவையில் 77 பேர் ஆதரித்தனர். 23 பேர் எதிர்த்தனர்.

பிரித்தானியப் பிரதமர் டோனி பிளேரின் அரசு 2002 செப்டம்பரில் ஓர் ஆவணம் வெளியிட்டது. சில ஆயுதங்களை ஈராக் 45 நிமிடங்களில் பயன்படுத்த இயலும் என்று அது கூறியது. 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவுச் செயலர் காலின் பவல், ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையில் சான்றுகள் எனப் பலவற்றை எடுத்துரைத்தார்.

சான்றுகளின் உண்மை நிலை

இச்சான்றுகள் குறித்து அரசுக்குள்ளேயே ஐயம் இருந்தது. ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் யுரேனியத்தைச் செறிவூட்டுவதற்கானவை என்று கூறப்பட்டது. அவை ராக்கெட் செய்வதற்கே பொருந்தும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை வல்லுநர்களின் கருத்து.

ஆப்பிரிக்காவில் ஈராக் யுரேனியம் வாங்க முயன்றதாகப் புஷ் 2003 ஜனவரி 28 அன்று உரையாற்றினார். ஈராக் நைஜரிடம் யுரேனியம் வாங்க முயன்றதைக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட ஆவணங்கள் உண்மையானவை அல்ல என்று பன்னாட்டு அணுசக்தி முகமையின் தலைவர் முகம்மது எல்பராதேய் மார்ச் 7 அன்று பாதுகாப்பு அவையில் அறிவித்தார். அது போர் தொடங்குவதற்கு முன்பே. அந்த வாசகம் உரையில் இடம்பெற்றிருக்கக் கூடாது என்று வெள்ளை மாளிகை ஜூலையில்தான் ஒப்புக்கொண்டது.

நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் பற்றிய செய்தி, 'கர்வ்பால்' என்ற மறைபெயர் கொண்ட ஈராக்கியர் ஒருவரின் கூற்றைப் பெரிதும் நம்பியது. தாம் கூறியவை புனைவு என்று அவர் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார்.

மாறிய காரணங்கள்

போருக்குப் பின் நடந்த தேடலில் ஆயுதக் கையிருப்பு எதுவும் கிடைக்கவில்லை. 2004 ஜனவரியில் புஷ் ஆற்றிய ஆண்டு உரையில், ஆயுதங்கள் என்ற சொல்லின் இடத்தில் 'ஆயுதம் சார்ந்த திட்ட நடவடிக்கைகள்' என்ற தொடர் வந்தது. அதற்கு முன்பே, 2003 நவம்பரில், மத்திய கிழக்கில் மக்களாட்சியைப் பரப்புவது என்ற நோக்கம் முன்னுக்கு வந்திருந்தது. ஈராக் தன் வேதியியல் ஆயுதக் கையிருப்பை 1991-இலேயே அழித்துவிட்டது என்று 2004 அக்டோபரில் வெளியான டூயல்ஃபர் அறிக்கை கூறியது. அப்போது, சதாமுக்கு ஆயுதம் செய்யும் எண்ணம் இருந்தது என்பது வலியுறுத்தப்பட்டது. பின்னர், ஈராக்கில் இயங்கும் அல் காயிதாவை ஒடுக்க வேண்டும் என்பது போரைத் தொடரக் காரணமாயிற்று. படையெடுப்புக்குப் பின் வளர்ந்த அந்த அமைப்பு, போரின் விளைவே. விளைவே காரணமாகக் காட்டப்பட்டது.

மனித உரிமை மீறல் போன்ற பிற காரணங்களும் 2002 தீர்மானத்திலேயே இருந்தன என்பது ஆதரவாளர்களின் வாதம். அது உண்மையே. ஆனால் உடனே போர் தேவை என்ற அவசரத்தை உண்டாக்கியது ஆயுத அச்சமே. ஐ.நா. ஆய்வுக் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் தம் பணிக்கு மேலும் சில மாதங்கள் தேவை என்றார். அவகாசம் தரப்படவில்லை.

பிழையா, பொய்யா?

உளவுத்துறையின் முக்கிய முடிவுகள் பலவும் மிகைப்படுத்தப்பட்டவை அல்லது சான்றற்றவை என்று அமெரிக்க செனட் குழு 2004-இல் கூறியது. இரகசிய அறிக்கையில் 'எங்கள் மதிப்பீடு' என்று தயக்கத்துடன் இருந்த இடங்கள், பொதுமக்களுக்கான பதிப்பில் உறுதியான கூற்றுகளாக மாறியிருந்ததையும் அது சுட்டியது. பிரித்தானியாவில் ஜான் சில்கோட் தலைமையிலான விசாரணைக் குழு 2016 ஜூலை 6 அன்று அறிக்கை அளித்தது. ஆயுத அபாயம், சான்றுகள் தாங்காத உறுதியுடன் எடுத்துரைக்கப்பட்டது என்றும், அமைதி வழிகள் முற்றிலும் முயலப்படவில்லை என்றும் அது முடிவு செய்தது. பிளேர் பொய் சொன்னார் என்று அது கூறவில்லை.

ஆகவே பொய் என்ற ஒரு சொல்லுக்குள் இச்சிக்கல் அடங்காது. தலைவர்கள் தாம் கூறியதை நம்பியிருக்கலாம். ஆயினும், தமக்குத் தெரிந்த ஐயங்களை மக்களிடமிருந்து விலக்கிவைப்பது நேர்மைக் குறைவே. காங்கிரஸ் உறுப்பினர்கள் வாக்களித்தபோது அந்த ஐயங்களின் முழு அளவைப் பொதுமக்கள் அறியவில்லை. காரணம் மாறியபோது படையெடுப்பு முடிந்துவிட்டது. மறுக்கும் வாய்ப்பு எவருக்கும் இல்லை. 2011 இறுதியில் அமெரிக்கப் படைகள் வெளியேறுவதற்குள் ஏறத்தாழ 4,500 அமெரிக்க வீரர்களும், 179 பிரித்தானிய வீரர்களும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஈராக்கியப் பொதுமக்களும் இறந்திருந்தனர்.