ஈரலுக்குள் புழுக்கட்டி! ஒரு சொட்டு சிந்தினாலும் ஆபத்து

ஈரலில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி! உள்ளே பளிங்கு போன்ற தண்ணீர். அந்தத் தண்ணீரில் ஆயிரக்கணக்கில் புழுத் தலைகள்!

இதற்கு "ஹைடாடிட்" கட்டி என்று பெயர். புற்றுநோய் அல்ல. நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவின் வேலை. புழுவின் நீளம் சுமார் அரை சென்டிமீட்டர்தான். இந்தியாவில் ஆந்திரா, தமிழ்நாடு பக்கம் இது அதிகம்.

நாயின் கழிவோடு புழுவின் முட்டை வெளியே வரும். மண், கீரை, நாயின் ரோமம் என்று ஒட்டிக்கொள்ளும். கை கழுவாமல் சாப்பிடுகிறவர் வயிற்றுக்குப் போய், ரத்தத்தோடு ஈரலில் வந்து உட்கார்ந்துவிடும்.

வருஷக்கணக்கில் வலியே இராது. பிறகு வயிறு கனத்தாலும், "வாயுதான்யா" என்று சோடா குடித்துக் காலத்தை ஓட்டுவார்கள். வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது கட்டி மாட்டிக்கொள்ளும்!

ஈரல் வறுவல் சாப்பிடலாமா?

"அப்போ ஆட்டு ஈரல் சாப்பிட்டா வருமா சார்?"

வராது. ஆட்டு ஈரலிலும் இதே கட்டி உண்டு. ஆனால் அதைத் தின்கிற நாய்க்குத்தான் புழு வரும். ஆட்டுத் தொட்டியில் கழித்த ஈரலைத் தெருவில் வீசுவதுதான் வினை. இந்த நோய்க்குப் பயந்தே ஐஸ்லாந்து தலைநகர் ரெய்க்யவிக்கில் 1924-ல் நாய் வளர்க்கத் தடை போட்டார்கள். அது தளர்ந்தது 1984-ல்!

உப்புத் தண்ணீர் துணி

கட்டியை அறுத்து எடுத்தால் தீர்ந்தது என்று நினைக்கலாம். அங்கேதான் சங்கடம். உள்ளேயிருக்கும் தண்ணீர் வயிற்றுக்குள் சிந்தினால், சிந்திய இடத்தில் புதுக் கட்டிகள் முளைக்கும். சிலருக்கு மேஜையிலேயே கடும் அலர்ஜி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ஆகவே வயிற்றைத் திறந்ததும் சர்ஜன் கட்டியில் கத்தி வைப்பதில்லை. சுற்றிலும் கெட்டியான உப்புத் தண்ணீரில் நனைத்த துணிகளை அடுக்குகிறார். பிறகு ஊசி போட்டுத் தண்ணீரை உறிஞ்சுகிறார்.

வந்த தண்ணீரில் பித்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது ரொம்ப முக்கியம். கலந்திருந்தால் பித்தக் குழாயோடு தொடர்பு இருக்கிறது என்று அர்த்தம். புழுக்கொல்லி மருந்து விட்டால் குழாய் வெந்துபோகும்! கலக்காவிட்டால் 20 சதவீத உப்புத் தண்ணீரை விட்டுச் சில நிமிடம் காத்திருக்கிறார்கள்.

அதன் பிறகே கட்டியைத் திறந்து, அவித்த முட்டை வெள்ளை போன்ற உள்தோலை முழுசாக எடுக்கிறார்கள்.

எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. சின்னக் கட்டிக்கு "அல்பெண்டசோல்" மாத்திரை போதும். செத்துச் சுண்ணாம்பாகிப்போன கட்டியைத் தொடாமலே விடுவதும் உண்டு. ஆபரேஷன் ஆனவர்களுக்கு முன்னும் பின்னும் மாத்திரை. கட்டி திரும்பி வருகிறதா என்று பார்க்கச் சில வருஷத்துக்கு ஸ்கேன்.