அம்மா அடக்கிய அவசரம்

லெம்பா பெர்த்தாமை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அம்மா 30 ஆண்டுகள் கொழுந்து பறித்தார். காலையில் ஒரு குவளை தேநீர். பிறகு மதியம் வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். மேட்டில் கழிப்பறை கிடையாது. மறைவிடம் தேடிப் போனால் வேலையில் பின்தங்கிவிட வேண்டும். “குடிச்சாத்தானே வரும்?” என்பார்.

இப்போது அம்மாவுக்கு 68 வயது. இரவில் நான்கைந்து முறை எழுந்திருக்கிறார். பஸ்ஸில் தானா ராத்தா போகவும் யோசிக்கிறார். “வயசாயிடுச்சுல்ல” என்று மழுப்பி வந்தவர், ஒருநாள் குளியலறைக் கதவைத் தொடும் முன்பே சேலை நனைந்தபோது அழுதுவிட்டார். அன்றுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

சிறுநீர்ப்பை என்பது நிரம்பினால் தானே கொட்டிவிடும் பை அல்ல. நம் ஊருக்கு மேலே இருக்கும் சுல்தான் அபு பக்கார் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டத்தைக் கவனிக்க ஆள் வேண்டும். கதவைத் திறக்கும் நேரத்தை முடிவு செய்யவும் ஆள் வேண்டும். 2013 அக்டோபர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

நம் உடலில் அந்தக் காவலாளி வேலையைச் செய்வது சிறுநீர்ப்பையின் உட்சுவர். பை நிரம்பிச் சுவர் இழுபடும்போது, அதன் செல்கள் ஏடிபி என்ற வேதிப்பொருளைக் கசியவிடுகின்றன. உடலுக்கு ஆற்றல் தருவதாகப் பள்ளியில் படித்த அதே ஏடிபிதான். அது நரம்புகளுக்குச் சேதி சொல்லும் தூதாகவும் வேலை செய்கிறது என்று 1972இல் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் எழுதியபோது பலர் நம்பவில்லை. இன்று அது பாடநூலில் இருக்கிறது.

அந்தச் சேதியை உணர்வு நரம்புகள் வாங்கி, முதுகுத்தண்டு வழியாக மூளைக்கு அனுப்புகின்றன. “இப்போது வேண்டாம்” என்று மூளை சொன்னால் தசை தளர்ந்தே இருக்கும். “சரி” என்றதும் வேறு நரம்புகள் அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்க, பை சுருங்குகிறது, வாயில் திறக்கிறது.

இழுபடுவதை உணர பியெசோ 2 என்ற புரதமும் தேவை. பிறவியிலேயே அது செயல்படாதவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்புவது சரியாகத் தெரிவதில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் கழிப்பறைக்குப் போகிறவர்களும் உண்டு. பியெசோ புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கோளாறு இரண்டு விதமாக வரலாம். பை பாதிகூட நிரம்பாதபோதே நரம்புகள் அவசரக் குரல் எழுப்பலாம். தசையும் கேட்காமலே சுருங்கலாம். கிருமித்தொற்று இதைத் தூண்டும். தண்ணீர் குடிக்காததால் கெட்டியாகும் சிறுநீரும் உட்சுவரை உறுத்தலாம். இரண்டாவது இதற்கு நேர்மாறானது. நீண்டநாள் இனிப்புநீர் உணர்வு நரம்புகளைப் பழுதாக்கினால், பை வழிய வழிய நிறைந்தும் சேதியே போகாது. நம் குடும்பங்களில் இனிப்புநீர் இல்லாத வீடு குறைவு என்பதால் இதைக் கவனிக்க வேண்டும்.

குளிருக்கும் பங்குண்டு. நம் மலைக் காற்றில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும்போது சிறுநீரகம் கூடுதல் நீரை வெளியேற்றுகிறது. அதோடு தேநீரின் கஃபீனும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

அம்மாவை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டரிடம் சொல்லவே கூசினார், நான்தான் சொன்னேன். சிறுநீரையும் சர்க்கரையையும் சோதித்தார்கள். கழித்த பின் பையில் எவ்வளவு மீதமிருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்தார்கள். தொற்று இல்லை, பையும் நன்றாகக் காலியாகிறது. அவசரக் குரல்தான் அதிகம் என்றார்கள். பகலில் அளவாகத் தண்ணீர், மாலைக்குப் பின் தேநீர் வேண்டாம், இடுப்புத் தளத் தசைப் பயிற்சி, கழிப்பறை இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டுதல். இவை போதாவிட்டால் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மாத்திரையோ தசையைத் தளர்த்தும் வேறு மாத்திரையோ உண்டு என்றார் டாக்டர்.

மூன்று மாதமாகிறது. இப்போது இரவில் இரண்டு முறைதான் எழுகிறார். போன வாரம் பஸ் ஏறித் தானா ராத்தாவுக்குப் போய் வந்தார்.

எரிச்சலோ இரத்தமோ தெரிந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் அடிக்கடி எழுந்தால், வயசு என்று விட்டுவிடாதீர்கள்; நீங்களே முதலில் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். என் அம்மா 30 ஆண்டுகள் சொல்லவில்லை.