நிலைகொள்ளாத கால்கள்: நோயா, மருந்தா?

மலேசியாவின் சிம்பாங் பூலாய் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு மனநோய் என்றதும் நினைவுக்கு வருவது, 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் தொடங்கப்பட்டு இன்று பகாகியா உலு கிந்தா மருத்துவமனை என வழங்கும் நிலையமே ஆயினும், நோயாளியின் வாழ்நாளில் பெரும்பகுதி வீட்டிலேயே கழிவதால், மருந்தின் விளைவுகளை முதலில் காண்பவர்கள் வீட்டாரே. மனச்சிதைவுக்குத் தரப்படும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள், மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் வந்து பற்றும் ஏற்பிகளை அடைக்கின்றன. உடலசைவை ஒழுங்குபடுத்துவதிலும் டோபமைனுக்குப் பங்கிருப்பதால், காதில் ஒலித்த குரல்கள் அடங்கும்போதே கைகால்கள் இறுகவும் நடுங்கவும் கூடும்.

இவற்றுள் மிகுதியும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அகதீசியா. உட்கார்ந்தவர் உடனே எழுவதும், நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிப்பதும், இரவெல்லாம் கூடத்தில் நடப்பதுமான இத்தவிப்பை, 'பழையபடி ஆரம்பித்துவிட்டது' என்று வீட்டார் சொல்ல, மருத்துவரும் அதையே நம்பி மருந்தைக் கூட்டினால், தவிப்பு தணியாமல் பெருகும். அளவைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோதான் இங்கு முதல் வழி. ஆஸ்துமா இல்லாதவர்களுக்குப் புரோபிரனலால் என்னும் மருந்தும் உதவக்கூடும்.

நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் தரப்படும் டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை பலருக்கு நல்ல பலன் தருகிறது. ஆனால் மாதங்கள், ஆண்டுகள் கழித்து உதடு சப்புவதாகவும் நாக்கு நெளிவதாகவும் தோன்றும் டார்டிவ் டிஸ்கினீசியாவை அதே மாத்திரை மோசமாக்கலாம். முதியவர்களுக்கு மலச்சிக்கலும் மறதியும் வேறு. காரணம் மறந்தபின்னும் பழைய சீட்டில் தொடர்ந்து எழுதப்பட்டுவரும் மாத்திரைகளில் இதுவும் ஒன்று.

எல்லாப் பழியையும் மருந்தின்மேல் போடுவதும் பொருந்தாது. சென்னையில் முதியவர்களிடம் நடந்து 1996இல் வெளிவந்த ஆய்வில், மனச்சிதைவுக்கு மருந்தே உண்ணாதவர்களில் 38 விழுக்காட்டினரிடமும், உண்டவர்களில் 41 விழுக்காட்டினரிடமும் இத்தகைய தன்னிச்சையற்ற அசைவுகள் காணப்பட்டன. மேலும், அசைவைக் கண்டு அஞ்சி மருந்தைத் திடீரென நிறுத்துவது, நோயைத் திரும்பக் கொணர்வதோடு, சிலரிடம் அசைவையும் கூட்டிவிடும்.

இவ்வசைவுகளுக்கான இன்றைய மருந்துகள் செயல்படும் விதத்தைப் பழைய மனநோய் மருந்து ஒன்றிலிருந்து விளக்கலாம். சர்ப்பகந்தா வேர் மனநோய்க்குப் பயன்படுவதைக் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் 1931இல் எழுதினர். அவ்வேரிலுள்ள ரெசர்பின், டோபமைனை நரம்பணுவின் நுண்பைகளில் சேர்க்கும் கடத்தியைத் தடுப்பது. அதே கடத்தியைத் தடுக்கும் டெட்ராபெனசின் வழிவந்த டியூடெட்ராபெனசினும், வால்பெனசினும், டார்டிவ் டிஸ்கினீசியாவுக்கென 2017இல் அமெரிக்காவில் ஏற்பு பெற்றன. டெட்ராபெனசின் மனச்சோர்வை உண்டாக்கக்கூடும் என்பதால், அதை உண்பவரின் நாக்கை மட்டுமன்றி மனநிலையையும் மருத்துவர் கேட்டறிய வேண்டியிருக்கிறது.