துருவேறிய நாட்டுத் துப்பாக்கி

போடிநாயக்கனூரை விட்டுப் போடிமெட்டை நோக்கி ஏற ஏற, சமவெளியின் உஷ்ணக்காற்று விலகி ஏலத்தோட்டங்களின் ஈரம் சூழ்ந்துகொள்ளும் அந்த மலைச்சரிவில், பாட்டனார் காலத்து நாட்டுத் துப்பாக்கி பரணில் பல வருஷம் கிடந்தால் துருப்பிடிப்பது ஆச்சரியமன்று. துடைக்காமல் விட்ட கரிமருந்துக் கசடின் உப்புக்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பை உள்ளிருந்தே அரித்துவிடுகின்றன.

துருவைத் தொடுமுன், குழலில் பழைய மருந்து கெட்டித்தபடியே இருக்கிறதா என்று அறிவதே பிரதானம். கோலை அடிவரை இறக்கி, வாயருகே அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலின் பக்கவாட்டில் வைத்துப் பார்க்கையில், அதன் நுனி வெடித்துளையை எட்டாமல் சில விரற்கடை குறையுமாயின், உள்ளே மருந்தும் ரவையும் உண்டென்றே கொள்ள வேண்டும். ஈரம் படாத கரிமருந்து நூறாண்டு கழிந்தும் வீரியம் இழப்பதில்லையாதலால், அதை அகற்றுவது தேர்ந்த துப்பாக்கித் தச்சரின் வேலை.

காலியான குழலின் துளையை அடைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரு நாள் ஊறவிட்டு, பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் செந்துரு குழம்பாய்க் கழன்று வரும். உப்புத்தாளைத் தேடும் அவசரம் நம்மவர்க்கு அதிகம்; அதுவோ துருவோடு நல்லிரும்பையும் தின்றுவிடும். பிறகு சோப்பு கலந்த கொதிநீரால் கழுவி, ஈரம் அறவே உலர்த்தி, தையல் மிஷின் எண்ணெயை மெல்லெனப் பூசலாம். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும்.

சுத்தமான குழலில் ஆழ்ந்த குழிகள் தெரிந்தால் அது வெடிக்க அருகதையற்றது; சுவரில் மாட்டலாம், அதற்கும் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டுமா என்று முதலில் கேட்டறிவது நல்லது.