ஓவியத்தைக் கொடையளித்தால் வரிச்சலுகை கிடைக்குமா? அறக்கொடை ஏலங்கள் குறித்துச் சட்டம் சொல்வது என்ன?

புது டெல்லி: கேரளத்தை 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஐந்து மாதங்கள் கழித்து, 2019 ஜனவரியில் கொச்சியில் ஒரு கலைப்பொருள் ஏலம் நடைபெற்றது. அனீஷ் கபூர் உள்ளிட்ட கலைஞர்கள் தங்கள் படைப்புகளை அதற்கு நன்கொடையாக வழங்கினர். கொச்சி-முசிறிஸ் பினாலே அறக்கட்டளையும் சாஃப்ரன்ஆர்ட் ஏல நிறுவனமும் இணைந்து நடத்திய அந்த ஏலம், முதலமைச்சரின் பேரிடர் நிவாரண நிதிக்காக நடத்தப்பட்டது.

இத்தகைய ஏலங்கள் உலகெங்கும் பெரும் தொகையைத் திரட்டியுள்ளன. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் ஒழிப்புப் பணிக்காக 2008 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் சோத்பீஸ் நிறுவனம் நடத்திய ஏலம், 4 கோடி டாலருக்கும் அதிகமாக ஈட்டியது. அதற்கான படைப்புகளைத் திரட்டுவதில் ஓவியர் டேமியன் ஹர்ஸ்ட் முன்னின்றார்.

பணமாகக் கொடுப்பவருக்கு ரசீதும் வரிச்சலுகையும் கிடைக்கின்றன. படைப்பைக் கொடுக்கும் கலைஞருக்கு என்ன கிடைக்கிறது?

வரிச்சலுகை இல்லை

அறக்கொடைகளுக்குக் கழிவு வழங்கும் விதி 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் இடம்பெற்றிருந்தது. நன்கொடை பணமாக இருந்தால் மட்டுமே கழிவு உண்டு என்று அப்பிரிவின் விளக்கம் தெளிவாகக் கூறியது. அரிசி, துணி, மருந்து போன்றவற்றுக்குப் பொருந்தும் இந்த விதி ஓவியத்துக்கும் பொருந்தும். 2 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஓவியத்தைக் கொடுத்தாலும் கலைஞர் கோரக்கூடிய கழிவு சுழியமே.

அதே ஓவியத்தை அவர் தாமே விற்று, அத்தொகையை அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனத்துக்கு வங்கி வழியாக அளித்தால் நிலைமை மாறும். விற்பனைத் தொகை அவரது வருமானத்தில் சேரும். எனினும், பழைய வரி முறையைத் தேர்ந்தவர் உச்சவரம்புக்கு உட்பட்டு, பொதுவாக நன்கொடையில் 50 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம். முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அளித்தால் 100 சதவீதக் கழிவு உண்டு.

அமெரிக்காவிலும் கலைஞர்களுக்கு இக்குறை உள்ளது. அங்கு 1969ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தத்துக்குப் பின், தம் படைப்பைக் கொடையளிக்கும் ஓவியர் வண்ணம், துணி முதலிய பொருள்களின் செலவை மட்டுமே கழிக்க முடியும்.

விலை குறைந்தால் யாருக்கு இழப்பு?

ஏலத்தில் ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்கலாம். கேட்பு அதை எட்டாவிட்டால் படைப்பு விற்கப்படாது. அறக்கொடை ஏலங்களில் அவ்வாறு விலை நிர்ணயிக்கப்படாதபோது, விருந்தினர் கேட்ட விலைக்கே ஓவியம் போய்விடக்கூடும். ஏல விலைகள் பொதுவெளியில் பதிவாவதால், பின்னர் அதே ஓவியரிடம் வாங்க வருவோர் அந்தக் குறைந்த விலையைச் சுட்டிக்காட்டிப் பேரம் பேச வாய்ப்புண்டு. புகழ்பெற்ற ஓவியர்களைவிட, வளர்ந்துவரும் இளம் ஓவியர்களையே இது அதிகம் பாதிக்கும்.

மறுவிற்பனையில் பங்கு

ஏலத்தில் வாங்கியவர் பிற்காலத்தில் அதனைப் பன்மடங்கு விலைக்கு விற்கலாம். இதற்காகவே 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 53ஏ பிரிவு 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. மூல ஓவியம் அல்லது சிற்பம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை செய்யப்பட்டால், அதில் பங்கு பெறும் உரிமை கலைஞருக்கோ அவரது வாரிசுகளுக்கோ உண்டு. அப்பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆயினும் நடைமுறையில் இவ்வுரிமை அரிதாகவே பயன்படுத்தப்படுகிறது.

எம்.எஃப். ஹுசைனின் 'கிராம யாத்திரை' ஓவியம் இதன் முக்கியத்துவத்தை உணர்த்துகிறது. 1954இல் டெல்லியில் அதனை வாங்கிய மருத்துவர் ஒருவர், பின்னர் ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அதனை அளித்தார். 2025 மார்ச்சில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நடத்திய ஏலத்தில் அது 1.37 கோடி டாலருக்கு, அதாவது சுமார் 118 கோடி ரூபாய்க்கு விற்பனையானது. அத்தொகை மருத்துவர்களின் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டது. நற்பணிக்கே சென்றாலும், வரைந்தவருக்கு அன்று கிடைத்த விலையோடு அவரது பங்கு முடிந்துவிட்டது.

கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஓவியம் கைமாறுவதால் அதன் பதிப்புரிமை கைமாறுவதில்லை. உரிமையை மாற்றித்தர எழுத்துவடிவ ஒப்பந்தம் தேவை. எனவே, கொடையாகப் பெற்ற ஓவியத்தை வாழ்த்து அட்டையாகவோ நாட்காட்டியாகவோ அச்சிட விரும்பும் நிறுவனம் கலைஞரிடம் தனியே அனுமதி பெற வேண்டும்.

படைப்பை ஒப்படைக்கும் முன் குறைந்தபட்ச விலை எவ்வளவு, விற்காத படைப்பு எப்போது திரும்ப வரும், சட்டமிடும் செலவையும் போக்குவரத்துச் செலவையும் யார் ஏற்பது, திரண்ட தொகையில் எவ்வளவு நற்பணிக்குச் செல்லும் ஆகியவற்றை எழுத்தில் பெறுவது நல்லது. விற்பனைத் தொகையில் ஒரு பகுதியைக் கலைஞருக்கே வழங்கும் முறையையும் ஏற்பாட்டாளர்களிடம் கேட்கலாம். அவ்வாறு கேட்பதால் கொடையின் மதிப்பு குறைந்துவிடாது.