எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது?

எங்கள் கல்வி மையத்திற்கு வரும் ஓர் அக்கா பன்றி வளர்க்கிறார். ஒரு நாள் அவர் என்னிடம் கேட்டார்.

"தம்பி, நன்றாகத்தான் தீனி போடுகிறேன். ஆனால் கொழுப்பு அதிகம் என்று கறிக்கடைக்காரர் விலையைக் குறைக்கிறார். என்ன செய்வது?"

"அக்கா, போன கிறிஸ்துமஸுக்கு எந்தப் பன்றியை விற்றீர்கள்?"

"நீளமாக, நன்றாக வளர்ந்ததை."

"குட்டி போட எதை வைத்துக்கொண்டீர்கள்?"

"குட்டையாக, உருண்டையாக ஒன்று இருந்தது. அதை யாரும் வாங்கவில்லை."

தவறு அங்கேதான் இருக்கிறது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். பன்றிக்கும் இது பொருந்தும்.

பன்றியின் முதுகில், தோலுக்கு அடியில் கொழுப்பு சேர்கிறது. அதிகத் தீனியும் அதற்குக் காரணம். பெற்றோரின் குணமும் காரணம். சதையில் முக்கால் பங்கு தண்ணீர். கொழுப்பில் தண்ணீர் மிகக் குறைவு. ஆகவே ஒரு கிலோ கொழுப்பு சேர அதிகத் தீனி வேண்டும். கடையில் அதை வெட்டி ஒதுக்குகிறார்கள். தீனிக்குக் கொடுத்த நம் பணமும் அதோடு போகிறது.

பெற்றோரைத் தேர்ந்தெடுத்துக் கொழுப்பைக் குறைக்க முடியுமா? முடியும். டென்மார்க் நாட்டில் 1907-ல் இதற்குச் சோதனை நிலையம் தொடங்கினார்கள். ஒரே ஈற்றில் பிறந்த நான்கு குட்டிகளை ஒரே மாதிரி தீனி போட்டு வளர்த்தார்கள். 90 கிலோ ஆனதும் வெட்டி, கொழுப்பை அளந்தார்கள். கொழுப்பு குறைந்த குட்டிகளின் பெற்றோரையே இனவிருத்திக்கு வைத்தார்கள். 1920-களில் முதுகுக் கொழுப்பின் கனம் சுமார் 4 சென்டிமீட்டர். பிறகு அது படிப்படியாகக் குறைந்தது. இப்படி மேம்படுத்தப்பட்டதுதான் 'லேண்ட்ரேஸ்' இனம். உடல் நீளமாக இருக்கும். காது தொங்கும். இப்போது பன்றியை வெட்ட வேண்டாம். கர்ப்பிணிகளுக்குப் பார்ப்பது போல ஸ்கேன் செய்தே அளக்கிறார்கள்.

கொழுப்பு குறைந்தால் மட்டும் போதுமா? போதாது. கொழுப்பு குறைந்த சில இனங்களில் ஒரு பரம்பரைக் குறை பரவியது. வண்டியில் ஏற்றினாலே பன்றி மிரண்டு செத்துவிடும். கறியும் வெளுத்து நீர் விடும். இதற்குக் காரணமான மரபணுவை 1991-ல் கண்டுபிடித்தார்கள். இன்று இரத்தச் சோதனையில் அதை அறியலாம்.

நாம் என்ன செய்யலாம்?

விற்பதற்கு முன்பே தாய்க்கான குட்டியைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட உடல், உறுதியான கால், குறைந்தது 12 நல்ல காம்பு இருக்க வேண்டும்.

ஆண் பன்றியை இன்னும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் குட்டிகளிலும் அதன் பங்கு பாதி. கூடப்பிறந்தவற்றை இணை சேர்க்காதீர்கள்.

வெளியிலிருந்து பன்றி வாங்குமுன் மிருக டாக்டரைக் கேளுங்கள். 2022-ல் கேரளத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது நினைவிருக்கட்டும். திருச்சூர் அருகே மண்ணுத்தியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பன்றி ஆராய்ச்சி மையம் உள்ளது. அங்கும் ஆலோசனை கேட்கலாம்.

அக்கா இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறார். குட்டி பிறந்த தேதி, தாய், தந்தை, எடை எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதுகிறார். இந்த முறை நல்ல குட்டி ஒன்றை வியாபாரி விலை கேட்டார்.

"அது விற்பனைக்கு இல்லை" என்றார் அக்கா.