போத்தல் ஏன் வெடிக்கிறது?

மாணவர்களே, வீட்டிலேயே பீர் தயாரிப்பது மேலைநாடுகளில் பலருக்குப் பொழுதுபோக்கு. அமெரிக்காவில் 1978-இல் இதற்கு வரிவிலக்கு அளிக்கும் சட்டம் கையெழுத்தானது. இவர்கள் மிகவும் அஞ்சுவது எதற்குத் தெரியுமா? அவசரப்பட்டு மூடிய போத்தலுக்கு!

முளைகட்டிய பார்லியின் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் உண்டு, எத்தனாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. இதுவே நொதித்தல். 180 கிராம் குளுக்கோஸ் முழுமையாக நொதித்தால் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் வாயுவும் உண்டாகும். வெறும் 4 கிராம் குளுக்கோஸ், அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 1 லிட்டர் வாயுவைத் தரும். மூடிய போத்தலில் அந்த வாயு வெளியேற வழியில்லை; அழுத்தம் ஏறும். கண்ணாடி தாங்காதபோது சிதறும்.

சர்க்கரை தீர்ந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. எனவே ஹைட்ரோமீட்டரை மிதக்க விட்டு அடர்த்தியை அளப்பார்கள். தண்ணீரில் அது 1.000 காட்டும், நொதிக்காத சாற்றில் சுமார் 1.050. சர்க்கரை குறையக் குறைய எண்ணும் இறங்கும். சில நாள்களுக்கு எண் மாறாமல் நின்ற பிறகே, நுரைக்காகச் சிறிதளவு சர்க்கரையை அளந்து சேர்த்துப் போத்தலில் அடைப்பார்கள்.

பள்ளி ஆய்வகத்தில் ஈஸ்ட், சர்க்கரை, வெதுவெதுப்பான நீர் மூன்றையும் கலந்து நீங்களும் இவ்வாயுவைக் காணலாம். ஆனால், குடுவையை இறுக மூடாதீர்கள். அதன் வாயில் பலூனை மாட்டுங்கள். பலூன் உப்பும், குடுவை தப்பும்!